கட்டிலை வீட்டில் வைத்துப் பார்க்க ஆப் வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் மர ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறேன். கட்டில், சோபா, ஊஞ்சல், டைனிங் டேபிள் எல்லாம் சொந்தப் பட்டறையில் செய்பவை. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஆர்டர் கொடுக்கும் வெளியூர்க்காரர்கள் இப்போது அதிகம். கடைக்கென்று ஒரு ஏஆர் ஆப் (கேமராவில் தெரியும் இடத்தின் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஆப்) செய்து தருவதாக ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. போன் கேமரா வழியாகப் பொருளை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், கடைக்கு வழி காட்டும் அம்புக்குறி தெருவிலேயே தெரியும், பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டும் இருக்கும் என்கிறார்கள். சில லட்சம் கேட்கிறார்கள். மகன் செய்யலாம் என்கிறான், எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் யோசனை என்ன?

பதில்: உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் சொன்ன மூன்றில், பொருளை வீட்டில் வைத்துப் பார்க்கும் வசதி உங்கள் வியாபாரத்துக்கு நேரடியாக உதவும். ஆனால் அதற்கு ஆப் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

முதலில் அந்த இரண்டையும் முடித்துவிடுகிறேன். விளையாட்டு என்றதும் அந்த நிறுவனம், தெருவில் நடந்து போய்ப் போனில் பொம்மை உருவங்களைப் பிடிக்கும் ‘போக்கிமான் கோ’ என்ற விளையாட்டைத்தான் உதாரணம் காட்டியிருக்கும். 2016 ஜூலையில் அது ஜப்பானில் வெளியானபோது அங்குள்ள சுமார் 3,000 மெக்டொனால்ட்ஸ் கடைகள் விளையாட்டுக்குள் இடம்பிடித்தன, விளையாடுகிறவர்கள் கடை வாசலுக்கே வந்தார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுக்குள் கடை போய்ச் சேர்ந்தது. ஒரு கட்டில் கடையின் விளையாட்டை யாரும் தேடி இறக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். தீபாவளிக்கோ கடையின் ஆண்டு விழாவுக்கோ ஏதாவது செய்ய ஆசையாக இருந்தால், ஸ்னாப்சாட்டின் லென்ஸ் ஸ்டுடியோ இலவசம்; கேமராக் காட்சியில் வேடிக்கைப் படம் சேர்க்கும் ‘லென்ஸ்’ செய்யும் மென்பொருள் அது. கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் சில நாளில் ஒரு லென்ஸ் செய்து தந்துவிடுவார். அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வழிகாட்டும் அம்புக்குறிக்கு வருவோம். கூகுள் மேப்பில் நடந்து போகிறவர்களுக்கு லைவ் வியூ என்ற வசதி 2019 முதல் பரவலாக வந்தது. கேமராவைத் தூக்கிப் பிடித்தால், எதிரே தெரியும் கட்டடங்களை அது தன்னிடம் இருக்கும் ஸ்ட்ரீட் வியூ படங்களோடு, அதாவது தெருத்தெருவாக எடுத்து வைத்த படங்களோடு, ஒப்பிட்டு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும். அந்தப் படக்களஞ்சியம் இருப்பதால்தான் அம்பு சரியான சந்துக்குள் திரும்புகிறது. இந்தியாவில் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் பத்து நகரங்களோடு தொடங்கியபோது தமிழ்நாட்டில் இருந்து சென்னை மட்டுமே அதில் இருந்தது. அத்தனை படங்களை ஒரு சிறிய நிறுவனம் தனியாக எடுத்து வைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் போடும் அம்பு போனின் ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும் நம்பித்தான் நிற்கும். ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். பக்கத்தில் லாரி நின்றாலோ இரும்பு ஷட்டர் இருந்தாலோ திசைகாட்டி தடுமாறும். கடைசியில் அம்பு எதிர்க்கடை மேல் போய் நிற்கும். போதாக்குறைக்கு உங்களிடம் கட்டில் வாங்க வருகிறவர்கள் காரிலும் வண்டியிலும் வருகிறார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. கூகுள் மேப்பில் உங்கள் கடையின் புள்ளி வாசலில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள், கடை முகப்பு தெரியும் படத்தைப் போடுங்கள், சாமான் வண்டி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். வழிகாட்ட இது போதும்.

இனி உருப்படியான பகுதி. ஃபர்னிச்சருக்கு ஏஆர் ஏன் பொருந்துகிறது என்றால், படம் பார்த்து வாங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என் அறைக்குள் இது அடங்குமா? அந்தக் கேள்விக்குப் படத்தாலும் எண்களாலும் முழுதாகப் பதில் சொல்ல முடியாது. ‘ஐந்தடிக் கட்டில்’ என்று சொன்னால் பாதிப் பேருக்கு அது மனக்கண்ணில் வராது. ஐகியா நிறுவனம் ஐகியா பிளேஸ் என்ற ஆப்பை 2017 செப்டம்பரில் கொண்டுவந்ததன் நோக்கமே இதுதான். அதே ஆண்டு ஆப்பிள், ஐபோனில் ஏஆர் ஓட உதவும் ஏஆர்கிட் என்ற மென்பொருளை வெளியிட்டிருந்தது. ஆண்ட்ராய்டு போனுக்கு அதே வேலையைச் செய்யும் கூகுளின் ஏஆர்கோர் 2018 பிப்ரவரியில் முழு வடிவில் வந்தது. அதற்குப் பிறகு ஏஆர் வேலையின் பெரும்பகுதி போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு கடைக்கும் தனி ஆப் தேவைப்படும் காலம் போய்விட்டது.

உங்களுக்குத் தேவையானது ஒரு வெப்சைட், அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் பொருளின் முப்பரிமாண மாடல். கூகுள் இலவசமாகத் தரும் மாடல்-வியூவர் என்ற கருவியை அந்தப் பக்கத்தில் சேர்த்தால், ‘வீட்டில் வைத்துப் பார்’ என்று ஒரு பொத்தான் வரும். ஆண்ட்ராய்டு போனுக்கு ஜிஎல்பி என்ற வகை ஃபைல், ஐபோனுக்கு யூஎஸ்டிஇசட் என்ற வகை. வாடிக்கையாளர் எதையும் இறக்க வேண்டாம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்கைத் தொட்டால் போதும். கடையில் இருக்கும் பொருளின் விலைச்சீட்டிலும் கியூஆர் கோடு ஒட்டிவிடலாம். கடைக்கு வந்தவர் அதை ஸ்கேன் செய்துகொண்டு போய் வீட்டில் மனைவி, அம்மா எல்லோருக்கும் காட்டுவார். பத்துக்கு ஒன்பது வீட்டில் கட்டிலைத் தேர்ந்தெடுப்பது கடைக்கு வராதவர்கள்தானே!

இதில் பணமும் கவனமும் போக வேண்டிய இடம் மாடல். அங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். மாடல் அசல் அளவில் இருக்க வேண்டும். ஜிஎல்பி ஃபைலில் எல்லா நீளமும் மீட்டரில்தான் கணக்கு. 78 அங்குல நீளம் என்பது 1.98 மீட்டர். அதைச் செய்கிறவர் சென்டிமீட்டரை நினைத்து 198 என்று போட்டுவிட்டால் கட்டில் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத தவறு வேறு. 78க்கு 60 என்று நாம் சொல்வது மெத்தை அளவு. தலைப்பலகை, கால்மாட்டுப் பலகை, பக்கச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் சில அங்குலம் கூடும். மாடல் செய்கிறவருக்கு மெத்தை அளவைக் கொடுத்துவிட்டால், போனில் அழகாகப் பொருந்திய கட்டில் வீட்டுக்கு வந்ததும் பீரோ கதவைத் திறக்கவிடாது. டேப்பைப் பிடித்து வெளி அளவை நீங்களே எடுத்து, தலைப்பலகையின் உயரத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வெப்சைட் செய்கிறவரிடம், விரலால் கிள்ளினால் பொருள் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகாதபடி ஏஆர் அளவைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். மாடல்-வியூவரில் அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை மறந்தால், வாடிக்கையாளர் சோபாவை அறைக்கு ஏற்றபடி சுருக்கி வைத்துப் பார்த்துவிட்டு ‘அடங்குகிறதே’ என்று ஆர்டர் கொடுப்பார்.

போனிலேயே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து மாடல் செய்யும் பாலிகாம், ரியாலிட்டிஸ்கேன் போன்ற ஆப்கள் இருக்கின்றன. பாலிஷ் போடாத மரத்துக்கு அவை ஓரளவு பரவாயில்லை. பளபளக்கும் பாலிஷ், டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி, டைனிங் டேபிளின் கிளாஸ் மேல்பலகை இவற்றில் எல்லாம் தோற்றுப்போகும். ஒவ்வொரு படத்திலும் ஒளி வேறு இடத்தில் விழுவதால் மென்பொருள் குழம்பி, வழவழப்பான பலகையைக் குண்டும் குழியுமாக்கிவிடும். உங்கள் பொருட்களுக்கு, முப்பரிமாண மாடல் வரையும் பிளெண்டர் என்ற மென்பொருள் தெரிந்த ஒருவரைக் கொண்டு அளவுப்படி வரையச் செய்வதே சரி. மரத்தின் ரேகையை மட்டும் உங்கள் பட்டறையில், நிழலான பகல் வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்துக் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு தேக்குப் படத்தை ஒட்டிவிட்டால் அது உங்கள் மரமாக இருக்காது. செதுக்கு வேலைப்பாட்டின் ஒவ்வொரு வளைவையும் வடிவமாகவே வரைந்தால் ஃபைல் பெருத்து, செல்போன் டேட்டாவில் திறக்கத் திணறும். அதை நார்மல் மேப் என்ற படமாகப் போட்டால் கண்ணுக்குச் செதுக்கு தெரியும், ஃபைலும் சிறிதாக இருக்கும். ஒரு பொருளுக்கு 5 எம்பிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

ஊஞ்சலுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். போன் ஒரு பரப்பைக் கண்டுபிடிப்பது அதில் இருக்கும் புள்ளி, கோடு, கறை போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, போன் அசைவதை, உள்ளிருக்கும் ஜைரோஸ்கோப் என்ற அசைவை உணரும் சென்சாரோடு ஒப்பிட்டுத்தான். வெள்ளையடித்த கூரையில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதனால் ஊஞ்சலைக் கூரையில் மாட்டும்படி செய்யாதீர்கள். பலகை தரையில் இருந்து எத்தனை அங்குல உயரத்தில் தொங்குமோ அந்த உயரத்தில் நிற்கும்படியும், சங்கிலி ஓர் ஏழடி வரை மட்டும் தெரியும்படியும், தரையை ஆதாரமாக வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பழைய வீட்டுக் கூரையும் அடுக்குமாடிக் கூரையும் ஒரே உயரமில்லை என்பதால் முழுச் சங்கிலி எப்படியும் பொய்யாகத்தான் தெரியும். ஊஞ்சல் ஆடும்போது முன்னும் பின்னும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தரையில் ஒரு மெல்லிய கட்டமாகக் காட்டினால் இன்னும் நல்லது. ஊஞ்சல் வாங்குகிறவர்கள் கணக்குப் போட மறப்பது அந்த இடத்தைத்தான்.

இதே காரணத்தால் தரையிலும் சிக்கல் வரும். இப்போதைய வீடுகளில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ், அல்லது கண்ணாடி போன்ற கிரானைட். போனுக்குப் பிடிமானம் கிடைக்காமல் கட்டில் மிதக்கும், நழுவும். லிங்க் அனுப்பும்போதே இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள்: பகலில் ஜன்னலைத் திறந்து, தரையில் ஒரு செய்தித்தாளையோ கோரைப் பாயையோ விரித்து, போனை மெதுவாக இடவலமாக அசைக்கவும். ஐபோன் 12 புரோவில் தொடங்கிப் புரோ வகைகளில் லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் சென்சார் இருப்பதால் அவற்றில் இந்தத் தொந்தரவு குறைவு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் ஜைரோஸ்கோப்பே இருக்காது, ஏஆர்கோரும் ஓடாது. அப்படிப்பட்ட போனில் பொருளைச் சுழற்றிப் பார்க்கும் வசதி மட்டும் வரும். அதுவும் வெறும் படத்தைவிட மேல். சில போன்களில் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே லிங்க் திறந்தால் ஏஆர் பொத்தான் வேலை செய்யாது, குரோமிலோ சஃபாரியிலோ திறக்கச் சொல்லுங்கள்.

ஏஆர் சொல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பொருள் அறைக்குள் அடங்கும் என்று காட்டுமே தவிர, வாசல் வழியாக நுழையுமா, மாடிப்படி வளைவில் திரும்புமா என்று காட்டாது. கழற்றி மாட்டக்கூடிய கட்டிலா, முழுதாக வருவதா, மிகப் பெரிய பாகத்தின் அளவு என்ன என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். சுவரை ஒட்டி இறுக்கமாக வைக்க வேண்டிய பொருளுக்கு வாடிக்கையாளரையும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், போன் சில சென்டிமீட்டர் தவறலாம். இன்னொன்று நிறம். அறை விளக்குக்கு ஏற்ப மாடலின் நிறமும் மாறும். திரைக்குத் திரையும் மாறும். பாலிஷ் நிறத்துக்கு மட்டும், பழையபடி ஒரு சிறு மரத்துண்டில் பாலிஷ் போட்டுக் கூரியரில் அனுப்புவதே நேர்மையான வழி.

வேலையை யாரிடம் கொடுத்தாலும், ஜிஎல்பி ஃபைல்களும் மூல பிளெண்டர் ஃபைல்களும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மாதச் சந்தா கட்டினால்தான் மாடல் திறக்கும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது. மெட்டா நிறுவனத்தின் மெட்டா ஸ்பார்க் தளம் 2025 ஜனவரி 14 அன்று மூடப்பட்டபோது, வெளியாட்கள் இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் என்று அதில் செய்து வைத்திருந்த அத்தனை ஏஆர் எஃபெக்ட்டுகளும் போய்விட்டன. அத்தனை பெரிய நிறுவனமே கதவைச் சாத்தும் என்றால், உங்களிடம் வந்திருக்கும் நிறுவனத்துக்கு நாளை என்ன ஆகும் என்று யார் சொல்ல முடியும்? ஜிஎல்பி கையில் இருந்தால் வேறொரு ஆளைக் கொண்டு ஒரே நாளில் மறுபடி ஏற்றிவிடலாம்.

எல்லாப் பொருளையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். அதிகம் விற்கும் கட்டில் இரண்டு, ஒரு சோபா, ஒரு ஊஞ்சல், ஒரு டைனிங் டேபிள் என்று ஐந்தில் தொடங்குங்கள். முதல் மாடல் வந்ததும், அசல் கட்டில் கடையில் நிற்கும்போதே அதன் பக்கத்தில் போனில் அதையும் வைத்து, இரண்டின் தலைப்பலகையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் அடுத்த மாடலுக்கு முன்பணம் கொடுங்கள். தை முகூர்த்தங்களுக்கான சீர் ஆர்டர்கள் வரத் தொடங்குவதற்குள் இந்த ஐந்தும் தயாராகிவிட்டால், ஆர்டர் நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, வீட்டில் வைத்துப் பார்த்தவர் யார், பார்க்காமல் வாங்கியவர் யார், அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது எது என்று உங்கள் மகனைக் குறித்துவரச் சொல்லுங்கள். ஆறாவது மாடலைச் செய்வதா வேண்டாமா என்று அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும்.