பெட்ரோல் விலை ஏறுவதால் வேலை இடத்துக்குப் பக்கத்தில் வீடு மாறுவது லாபமா?

நான் மாறிப் பார்த்தவன். எனக்கு நஷ்டம்தான். நீங்களும் என்னைப் போல வாடகை வீடு, ஒரே ஒரு பைக், கணவன் மனைவி இருவருக்கும் வேலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நாங்கள் சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில் 8,500 ரூபாய் வாடகையில் இருந்தோம். எனக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. வண்டலூர் வழியாக ஒரு நடைக்கு 27 கிலோமீட்டர். மனைவிக்கு மாம்பலத்தில் வேலை. ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடுவாள், கையில் சீசன் டிக்கெட். 2020 ஜனவரியில் ரயில் கட்டணத்தை ஏற்றியபோதும் புறநகர் ரயிலிலும் சீசனிலும் கை வைக்கவில்லை, ஞாபகம் இருக்கும்.

2022 மார்ச் 22. நாலரை மாதமாக அசையாமல் இருந்த பெட்ரோல், அன்றிலிருந்து அநேகமாகத் தினமும் முக்கால் ரூபாய் போல ஏறியது. சென்னையில் 101.40 ஆக இருந்தது, ஏப்ரல் முதல் வாரத்திலேயே 110.85. எனக்கு ஒரே ஆத்திரம். மே 1, ஞாயிற்றுக்கிழமை, மாம்பாக்கத்துக்குக் குடி போனோம். வாடகை 11,000. அங்கிருந்து கடைக்கு எட்டே கிலோமீட்டர். மூன்றே வாரத்தில் மத்திய அரசு வரியைக் குறைத்து, பெட்ரோல் 102.63க்கு இறங்கிவிட்டது!

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், சொந்தக் கணக்கை ஆறு மாதம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன். பழைய வீட்டில் மாதம் 30 லிட்டர் ஓடியது. லிட்டருக்கு 9.45 ஏறினால் மாதம் 283 ரூபாய். இந்த 283 ரூபாய்க்குக் கோபப்பட்டு வாடகையில் 2,500 கூட்டிக்கொண்டிருக்கிறேன். அதோடு மாம்பாக்கத்தில் ரயில் கிடையாது. மனைவி வண்டலூர் ஸ்டேஷனுக்கு 11 கிலோமீட்டர் போக வேண்டும், அதற்குத் தவணையில் ஒரு ஸ்கூட்டர். என் வண்டிக்கு 9 லிட்டர், அவள் வண்டிக்கு 12. மிச்சம் வெறும் 9 லிட்டர். அதிலும் ஸ்டேஷன் பார்க்கிங் காசு போய்விடும்.

எலக்ட்ரிக் வண்டி வாங்க வேண்டியதுதானே என்று யாராவது கேட்பீர்கள். மூன்றாவது மாடி வாடகை வீட்டில் சார்ஜர் ஒயரை எங்கே தொங்கவிடுவது? பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்த பிறகு கேளம்பாக்கத்தில் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பதினோரு மாதத்தில் மறுபடி கூடுவாஞ்சேரிக்கே வந்துவிட்டோம். பழைய வீட்டில் வேறு ஆள் வந்திருந்தார்கள், அதே தெருவில் வேறு வீடு, 10,000. இதில் மாம்பாக்கத்து ஹவுஸ் ஓனர் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆணிகூட அடிக்காத சுவர் அது. அடுத்து வந்த குடித்தனத்துக்கும் அதே சுவர்தான், பெயிண்ட் வாசனையே இல்லை. போய்ப் பார்த்துவிட்டே சொல்கிறேன். 22,000 ரூபாய்! பெட்ரோல் விலைக்கு டீக்கடை வரைக்கும் சத்தம் போடுகிற நாம், இதற்கு வாயைத் திறப்பதில்லை.

ஸ்கூட்டர் இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. காய்கறி வாங்க எடுப்போம். அதன் தவணை முடிய இரண்டு வருடம் ஆனது.