மேலாளர் போனதும் தறிக்கூடத்தின் ஒழுங்கும் போய்விட்டதா?

வணக்கம். ஆலோசகர் வைத்துக் கொடுத்த முறைகள் மேலாளர் விலகிய சில மாதங்களிலேயே கைவிடப்பட்டு, துணியில் பழுது மீண்டும் பெருகிவிட்டதால், அடுத்த ஆளையும் வெளியிலிருந்து எடுப்பதா, உறவினர் ஒருவரை வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக, உலக வங்கி ஆய்வாளர்கள் 2008 முதல் மும்பைக்கு அருகிலுள்ள 17 நெசவு நிறுவனங்களில் செய்த ஆய்வு உங்கள் நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. பெயர்ச்சீட்டு இல்லாத நூல் மூட்டைகளும் தரையில் சிதறிய கருவிகளுமாகக் கிடந்த கூடங்களில், பழுதை அன்றன்றே வகைபிரித்து எழுதுவது போன்ற எளிய பழக்கங்கள் நுழைந்ததும் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, புகுத்திய முறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியதும் முதலாளிக்கு நேரமில்லாததும் முக்கியக் காரணங்கள். ஆகவே இது உங்கள் ஒருவரின் தவறு அன்று.

அந்த முதலாளிகளும் உறவினரை மட்டுமே நம்பினார்கள்; வழக்குகள் இழுத்தடிக்கும் நாட்டில் வெளியாளிடம் பொறுப்பை ஒப்படைக்க அஞ்சுவது இயல்பே. ஆனால் அதனால், குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பதைப் பொறுத்தே நிறுவனத்தின் அளவு அமைந்தது. (பெண்களைக் கணக்கில் கொள்ளாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது, உங்கள் மகள் கணக்கு பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவரை யோசித்தீர்களா?)

மறுபடி ஆலோசகருக்குச் செலவழிக்க வேண்டாம். பழுதுப் பதிவேட்டை மட்டும் இன்றே மீட்டெடுத்து, தினமும் காலையில் பத்து நிமிடம் நீங்களே தறிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டருடன் நின்று படியுங்கள்.