பூனையும் வடிகாலும்

கேள்வி: டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வயலில் தண்ணீர் தேங்கி சம்பாப் பயிர் அழுகுகிறது. தண்ணீரை வடிக்க, விவசாயி கையிலேயே அரசு மானியம் கொடுத்தால் என்ன? (ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: 'வடிக்க' என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. வடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எல்லாம் குக்கர் செய்த வேலை. (குக்கர் சோற்றைப் பற்றி முன்பு எழுதியதற்கு ஒரு டாக்டர் வாசகர் நாலு பக்கம் திட்டி அனுப்பியிருக்கிறார். வடித்தால் சத்து வீணாம்.)

என் அம்மா சோற்றுப் பானையின் வாயில் தட்டை வைத்து, துணியால் அழுத்திப் பிடித்துச் சாய்ப்பார். கீழே கஞ்சிச் சட்டி. சட்டி காலியாக இருக்க வேண்டும், பாதி வித்தை அதில்தான். பத்து வயதில் நான் ஒருநாள் கழுநீர் நிறைந்த சட்டியை வைத்துவிட்டேன். கஞ்சி அடுப்பங்கரை முழுக்க ஓடி, அடுப்பு அணைந்து, பூனை பரணில் ஏறி உட்கார்ந்து சாயங்காலம் வரை இறங்கவில்லை. சட்டியை வைத்தது யார் என்று அப்பா கேட்டார். அம்மா, பூனை என்றார்.

உங்கள் ஊரிலும் சட்டிதான் நிறைந்திருக்கிறது. வயலில் மடையை வெட்டிவிட்டால் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும். அதைத் தாண்டினால் முகத்துவாரத்தில் மணல் மேடு. அதையும் தாண்டினால், புயல் நேரத்தில் கடலே ஏறி வந்து எதிர்த்துத் தள்ளும். மானியம் வாங்கி நீங்கள் வடிக்கும் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். அவரும் மானியம் வாங்கி உங்களுக்கே திருப்பி அனுப்புவார். வரப்புச் சண்டைக்கு அரசு நிதி!

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 10 கோடி டாலர் கடன் வாங்கி, வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு எல்லாம் சீரமைக்கத் திட்டம் போட்டார்கள். 2017இல், ஏரி, வாய்க்காலை ஊர்க்காரர்களும் சேர்ந்து சீரமைக்கும் குடிமராமத்து வந்தது. செலவில் 90 சதவீதம் அரசு, 10 சதவீதம் விவசாயிகள், பணமாகவோ உழைப்பாகவோ. ('மராமத்து' அரபிச் சொல், அதை எடு என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் இருபது வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். முதலில் அவர் வீட்டு 'ரிப்பேர்' தீரட்டும்.)

என் வருத்தம் வேறு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் மேடை போட்டுப் பூத் தூவுகிறார்கள். கார்த்திகையில் வடிகால் மதகைத் தூக்குகிறவருக்கு யார் பூத் தூவினார்கள்? வரும் தண்ணீருக்கு இருக்கும் மரியாதை போகும் தண்ணீருக்கு இல்லை.

சரி, மானியம். அந்தக் காலத்தில் அது ரொக்கம் இல்லை, நிலம். ஏரி, வாய்க்காலைக் காத்தவருக்கும் அப்படி நிலத்தை வரியில்லாமல் விட்டிருந்தார்கள். இப்போது நிலமும் போயிற்று, ஆளும் போயிற்று. கொடுப்பதானால் உங்கள் கையில் வேண்டாம். வடிகாலுக்கு ஓர் ஆளைப் போட்டு, வருடம் முழுக்கச் சம்பளமாகக் கொடுக்கட்டும். பொக்லைன் மே மாதம் வந்து போய்விடும். ஆகாயத்தாமரை அக்டோபரிலும் வளரும்.

டாக்டருக்கு: வடித்த கஞ்சியைக் கொட்டினோம் என்று யார் சொன்னது? உப்புப் போட்டுக் குடித்தோம். பூனை குடித்ததைத் தவிர.