போர்ட் போகவில்லை, வெளிச்சம்தான் போயிருக்கிறது

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். 2005இல் சித்தப்பா கனடாவிலிருந்து அனுப்பிய ஐபிஎம் திங்பாட் ரி42 லப்டொப், அப்பா பாவித்தது. 2008இலிருந்து வவுனியாவில் மாமி வீட்டு அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது. அப்பா இப்போது இல்லை, அவருடைய படங்களும் அவர் எழுதி வைத்தவையும் அதற்குள்தான். சார்ஜரைப் போட்டால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் கறுப்பு. சரித்துப் பார்த்தால் ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். கடையில் "மதர்போர்ட் போயிட்டுது, 45,000 வரும், கொழும்புக்கு அனுப்ப வேணும், விட்டிட்டுப் போங்கோ" என்றிருக்கிறார்கள். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், தங்கச்சி.

மங்கலாக எழுத்துத் தெரிகிறது என்றீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. போர்ட் செத்திருந்தால் எழுத்து எங்கிருந்து வரும்? அந்தக் காலத்து ஸ்கிரீனுக்குப் பின்னால் மெல்லிய டியூப் லைட் ஒன்று இருக்கும், அதற்குக் கரண்ட் கொடுக்க விரல் நீளத்தில் இன்வேர்ட்டர் என்று ஒரு பலகை. இரண்டில் ஒன்று போனால் படம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. இரவில் ரோச் லைட்டை ஸ்கிரீனில் சரித்து அடித்துப் பாருங்கள், விண்டோஸ் தெரியும். இன்னும் நல்ல வழி, பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரின் நீலத் தலை வயரைப் பின்னால் செருகி, எஃப்என்னையும் எஃப்7ஐயும் சேர்த்து அமத்துங்கள். சுவரில் படம் விழுந்தால் போர்ட் போன கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் அதற்கு முதல் இரண்டு காரியம். பற்றரியைக் கழற்றி வையுங்கள், பற்றரி இல்லாமல் சார்ஜரிலேயே இது ஓடும். பழைய பற்றரியை உடைத்து உள்ளே புதுச் செல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் சார்ஜரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ரி42க்கு 16 வோல்ட், 4.5 அம்பியர். வேறு பிராண்டுகளின் 19 வோல்ட் சார்ஜர்கள் சிலவற்றின் முனையும் அழகாக உள்ளே போய் இருக்கும், "எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்று கடைப் பெடியனும் விற்றுவிடுவான். முனை பொருந்துவது ஒன்று, வோல்ட் பொருந்துவது வேறு.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹார்ட் டிஸ்க். லப்டொப்பை யார் கையில் கொடுப்பதென்றாலும் முதலில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரி42இல் அது அடியில் ஒரே ஒரு திருகாணி. கழற்றிவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி மெல்ல இழுத்தால் வந்துவிடும். ஏன் இப்படிக் கத்துகிறேன் என்றால், டிஸ்க்கோடு கொடுத்த லப்டொப்பைப் புது விண்டோஸ் ஏற்றி, "இப்ப பாருங்கோ, வேகமா ஓடுது" என்று சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்ததை எத்தனை தரம் பார்த்துவிட்டேன். ஒரு பிள்ளையின் அம்மா படம் அப்படிப் போனது. கொழும்பு லேப் என்று சொல்பவர்களில் பலர் இடையில் நிற்கும் தரகர்கள், சாமானை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இரண்டு பக்கமும் காசு எடுப்பவர்கள். ரசீதும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. சலூன் திறக்கவும் அனுமதி கேட்கிற ஊரில், ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் கிடக்கிற பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும்.

டிஸ்க் கையில் இருந்தால், அந்தக் காலத்து டிஸ்க்கை வேறு கொம்பியூட்டரில் செருக ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பிற்காலத்து டிஸ்க்குக்கான சாட்டா அடாப்டரைத் தலையில் கட்டுவார்கள், அது இதற்குப் பொருந்தாது. டிஸ்க்கின் முனையில் 44 ஊசி, சற்றுத் தள்ளித் தனியாக 4 ஊசி இருக்கும். அந்த நாலில் கை வைக்காதீர்கள், மற்றதில் நேராகச் செருகுங்கள், ஊசி வளைந்தால் வேலை கெடும். கொம்பியூட்டர் "ஃபோமட் செய்யவா" என்று கேட்டால் மட்டும் ஓம் சொல்லாதீர்கள்.

இதெல்லாம் அலுமாரியில் கிடந்ததற்கு. 2009 போரில் மண்ணுக்குள் புதைத்துப் பிறகு தோண்டி எடுத்ததோ, 2018 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்ததோ என்றால் நான் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். டிஸ்க்கின் மேல் மூடியில் காற்றுப் போக ஊசித் துளை ஒன்று இருக்கும், அதனூடாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். ஒரு தரம், ஒரே ஒரு தரம் கரண்ட் கொடுத்தாலும் உள்ளே சுழலும் தட்டை அதை வாசிக்கும் முனை கீறிவிடலாம், அந்தக் கீறலோடு படமும் போச்சு. அரிசிக்குள் புதைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், மூடியைத் திறந்து ஊதாதீர்கள். காய விடாமல் பொலித்தீனில் சுற்றி அப்படியே வைத்திருங்கள். டேட்டா மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் நீங்களே நேரில் கொண்டுபோங்கள், செலவு கூடத்தான். பொலித்தீனில் சுற்றித்தானே புதைத்தோம், நனைந்திருக்காது என்பீர்கள். நான் பார்த்ததில் அந்தப் பொலித்தீனுக்குள்தான் வேர்வை மாதிரித் தண்ணீர் நின்றது.

ஸ்கிரீன் திருத்துவது பிறகு, ஆறுதலாக. இன்வேர்ட்டரைப் பழைய லப்டொப் ஒன்றிலிருந்து எடுப்பதுதான் நடக்கிற காரியம். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த ஒன்றைக் கந்தோரிலிருந்து மீட்க ஏ9 வீதியில் மூன்று தரம் பஸ் ஏறியிருக்கிறேன், எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. ஓடும்போது அந்தப் பலகையில் பல நூறு வோல்ட் நிற்கும், நீங்கள் தொட வேண்டாம். திகதி பிழை என்று ஒவ்வொரு தரமும் கத்தினால் உள்ளே காசளவு 3 வோல்ட் பற்றரி இறந்திருக்கிறது, கொம்பியூட்டரை எழுப்பும் பயோஸ் போய்விட்டது என்று அதற்கும் ஒரு பில் போட விடாதீர்கள்.

அப்பா எழுதியது திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பி வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு, அதில் ஆங்கில அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. பாமினியைக் கொம்பியூட்டரில் ஏற்றினால் அவர் எழுதியபடியே தெரியும்.