கர்னலின் சாக்கெட் பிழையைத் திருத்த எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், நிரல்கள் நெட்வொர்க்கோடு பேசும் முனையான சாக்கெட்டைக் கையாளும் பகுதியில் ஒரு பிழையையாவது திருத்திவிட ஆசை. எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று கேட்கிறார். புத்தகம் இருக்கட்டும். ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, திருத்தத்துக்கு முந்தைய நிரலைப் படியுங்கள்.

எனக்குப் பிடித்தது 2017 பிப்ரவரியில் வெளிவந்த டிசிசிபி பிழை. டிசிசிபி (DCCP) என்பது நெட்வொர்க்கில் தரவு அனுப்பும் நெறிமுறைகளில் ஒன்று. சிஸ்டம் கால்களை, அதாவது நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை, தாறுமாறாகக் கலந்து கர்னல் மீது எறிந்துகொண்டே இருக்கும் சிஸ்காலர் என்ற கருவியின் துணையோடு ஆண்ட்ரே கோனோவலோவ் அதைப் பிடித்தார். டிசிசிபி கர்னலுக்குள் வந்தது 2005இல். பிழையும் பெரும்பாலும் அன்றே குடியேறியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். இணைப்புக்காகக் காத்திருக்கும் சாக்கெட்டுக்கு ஒரு கோரிக்கை வருகிறது. ஐபிவி6 பாக்கெட் விவரம் வேண்டும் என்று பயனரின் நிரல் முன்பே கேட்டிருந்தால், கர்னல் அந்தக் கோரிக்கை இருக்கும் நினைவகத் துண்டை, அதாவது பஃபரை, பிற்பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் நிரல்பகுதிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. இதுவரை சரி. ஆனால் கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன் முடியும் இடத்தில், எண்ணிக்கையை ஏறிட்டும் பார்க்காமல் பஃபர் விடுவிக்கப்பட்டது; அந்த நினைவகம் வேறு வேலைக்குப் போய்விடலாம். ஈசூனில் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீவக வீட்டை, ஊருக்குக் கிளம்பும் ஒருவர், மற்றவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதைப் போல! இந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர், கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரம் வரை ஏறிவிட முடிந்தது.

திருத்தமோ மிகச் சிறியது: எண்ணிக்கையைக் குறைத்து, எவரும் மிச்சமில்லை என்றால் மட்டும் விடுவிக்கும் ஃபங்ஷனை அங்கே அழைத்தார்கள். ஆகவே சாக்கெட் நிரலில் எந்த வரியைப் பார்த்தாலும் "இதை இப்போது யார் பிடித்திருக்கிறார், யார் விடுவிப்பார்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி பூட்டு (lock) போடாததால் வரும் நேரப்போட்டிப் பிழைகள் இன்னொரு குடும்பம்; 2016இல் ஏஎஃப் பாக்கெட் (AF_PACKET) என்ற சாக்கெட் வகையில் வெளிப்பட்டது அவ்வகை.

வழிமுறைக்கு வருவோம். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கேசான் (KASAN) வசதியுடன் கர்னலைத் தொகுத்து, கியூஇஎம்யு (QEMU) மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொட்டதும் கேசான் அறிக்கை தரும்: யார் தொட்டார், யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார். நான் முதலில் படிப்பது விடுவித்தவரைத்தான். கர்னலின் பதிவில் செய்தி எழுதும் பிரிண்ட்கே (printk) வரிகளை அள்ளித் தெளிக்காதீர்கள். நேரப்போட்டிப் பிழைகள் பலவும் அந்தச் சிறு தாமதத்திலேயே ஒளிந்துகொள்ளும்.

சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பேட்ச்சின், அதாவது நீங்கள் அனுப்பும் திருத்தத்தின், அடியில் இடும் கையொப்ப வரி (Signed-off-by), இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துப் பிரிவு என்ன சொல்கிறது என்று பார்த்து, நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும், பேட்ச்சுகளைப் பார்த்து ஏற்கும் பராமரிப்பாளரின் பதில் பெரும்பாலும் நமக்கு இரவில்தான் வரும். தூக்கக் கலக்கத்தில் திருத்தி உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். நெட்வொர்க் பகுதியில் 24 மணி நேரத்துக்குள் அதே பேட்ச்சின் திருத்திய பதிப்பை அனுப்பக்கூடாது என்பது விதி.