அமெரிக்காவுல வேட்டைக்குப் போனா, பப்ளிக் லேண்ட்ல, அதாவது அரசு நிலத்துல, பெரிய கொம்பு மியூல் டீர் (பெரிய காது உள்ள ஒரு வகை மான்) கிடைக்குமா, இல்ல பிரைவேட் ராஞ்ச்ல (தனியார் பண்ணைல) காசு கட்டினாத்தானா?

தாராளமா கிடைக்கும். கொலராடோ, நெவாடா, யூட்டா பக்கமெல்லாம் ஃபெடரல் அரசு நிலம் அவ்ளோ பெருசு, ஆனா நிலம் ஃப்ரீயா இருக்கறதால டேக்கும் (வேட்டை பெர்மிட்) ஈஸியா கிடைச்சிடும்னு நினைக்காதீங்க, கொலராடோல 1999ல இருந்தே மான் டேக் எல்லாமே டிராதான், அதாவது குலுக்கல் முறை, நல்ல யூனிட்டுக்கு (வேட்டைப் பகுதிக்கு) பல வருஷம் விண்ணப்பம் போட்டு முன்னுரிமை பாயிண்ட் சேக்கணும்.

கொம்பு வருஷா வருஷம் விழுந்து புதுசா முளைக்கும், ஆனா முழு சைஸ் வர மானுக்கு அஞ்சாறு வயசாவது ஆகணும். அந்த வயசு வரைக்கும் தப்பிச்ச மான் ரோட்டோரம் நிக்காது. அதனால நிறைய நடக்கறதை விட ஒரே இடத்துல உக்காந்து பைனாகுலர்ல பாக்கறதுதான் பலன் தரும், விடியறதுக்கு முன்னாடியே மேட்டுல ஏறிடுங்க, வெயில் ஏறினதும் அது நிழல்ல போய் படுத்துடும், அப்புறம் ஒரு காதோ கொம்பு நுனியோதான் தெரியும். படுத்த இடத்தை குறிச்சுக்கிட்டு காத்து அடிக்கற திசை பாத்து போங்க. காலைல காத்து சரிவுல கீழ இறங்கும், சூடேறினதும் மேல திரும்பும், அந்த மாறுற நேரத்துல கிட்ட போனா மோப்பம் பிடிச்சு ஓடிடும்.

நவம்பர்ல இணைசேர்ற சீசன், பெரிய ஆண் மான்லாம் பகல்லயே பொட்டை மான் பின்னாடி சுத்தும். அதனாலேயே அந்த லேட் சீசன் டேக்குக்கு போட்டி அதிகம். இன்னொன்னு, கொம்பை மட்டும் எடுத்துட்டு கறியை காட்டுல விட்டுட்டு வர்றது கொலராடோல குற்றம், என்னைக் கேட்டா சட்டம் இல்லேன்னாலும் அது செய்யக்கூடாத வேலை.