வரலாறு தெரிந்தவர் ஆட்சிக்கு வந்தால் நன்றாக ஆள்வாரா?

கேள்வி: வரலாற்றை ஆழமாகப் படித்த பேராசிரியர் யாராவது நாட்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்திருக்கிறாரா? அந்தப் படிப்பு அவருக்குக் கைகொடுத்ததா?

வந்திருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் செர்பியாவின் ஸ்லோபோடன் யோவனோவிச்.

அவர் பெயரை நான் முதலில் பார்த்தது லண்டனில், க்ராம்வெல் சாலையில், ஒரு ஹோட்டல் சுவரில். அந்தச் சாலை வழியாகத்தான் மூன்று வருடம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். ஒரு நாள் நடந்து வந்தபோதுதான் அந்தப் பலகையை நின்று படித்தேன். வரலாற்றாசிரியர், இலக்கிய விமர்சகர், சட்ட அறிஞர், யூகோஸ்லாவியப் பிரதமர் என்று போட்டு, 1945 முதல் 1958 வரை இங்கே வாழ்ந்தார் என்றிருந்தது. பிரதமராக இருந்தவர் எதற்காகப் பதின்மூன்று வருடம் ஒரு ஹோட்டலில் குடியிருந்தார்? அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

பிறந்தது 1869-ல், நோவி சாத் நகரில். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது. அப்பா விளாதிமீர் பெரிய லிபரல் அரசியல்வாதி, பின்னாளில் செர்பியாவின் நிதியமைச்சர். செர்பிய மொழியில் ‘ஸ்லோபொதா’ என்றால் சுதந்திரம்; அதிலிருந்து மகனுக்குப் பெயர். மகளுக்கு வைத்த பெயர் பிராவ்தா, நீதி. பிள்ளைகளைக் கூப்பிடும்போதுகூட அரசியல் பேசிய வீடு அது.

ஜெனீவாவில் சட்டம் படித்துவிட்டு, கொஞ்ச காலம் தூதரக வேலை பார்த்து, 1897-ல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் பேராசிரியரானார். அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் அவர் உலகம் வகுப்பறையும் எழுத்து மேசையும்தான். இரண்டு முறை பல்கலைக்கழக ரெக்டர் (நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி), அரச அகாடமியின் தலைவர் என்று பதவிகள் வந்தன. நிலைத்து நின்றது எழுத்துதான். சிக்கலான விஷயத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லும் நடையைச் செர்பியர்கள் ‘பெல்கிரேட் நடை’ என்பார்கள். அதை வளர்த்தெடுத்தவர்களில் இவர் முக்கியமானவர்.

1838 முதல் 1903 வரையிலான செர்பிய அரசியலை வரிசையாக எழுதினார். அதில் கடைசியாக வரும் மன்னர் அலெக்சாண்டர் ஒப்ரெனோவிச்சின் ஆட்சியைப் பற்றிய பகுதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1903 வசந்த காலத்தில் இந்த இளம் மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். தனக்கு வேண்டாத சட்டங்களையும் ஆட்களையும் அந்த இடைவெளியில் நீக்கிவிட்டு, அதே சட்டத்தைத் திரும்ப அமலுக்குக் கொண்டுவந்தார். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை! சில வாரங்களில் ராணுவ அதிகாரிகள் இரவில் அரண்மனைக்குள் புகுந்து மன்னரையும் அரசி திராகாவையும் கொன்றார்கள். யோவனோவிச் அந்தக் காலத்து பெல்கிரேடில் அரசியல் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தவர். சட்டத்தை அரசனே மதிக்காதபோது துப்பாக்கி வைத்திருப்பவன் எப்படி அதிகாரத்துக்கு வருகிறான் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் கடைசியில் ஆட்சிக்கு வந்ததும் ஒரு ராணுவப் புரட்சி வழியாகத்தான். 1941 மார்ச் 25-ல், செர்பியாவும் குரோட்டியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா, ஹிட்லர் பக்கம் சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இரண்டே நாளில் அதிகாரிகள் அந்த அரசைக் கவிழ்த்து, பதினேழு வயது பீட்டர் மன்னரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஜெனரல் சிமோவிச் பிரதமர். எழுபத்தோரு வயது யோவனோவிச் துணைப் பிரதமர்களில் ஒருவர்.

பத்து நாள்தான். ஏப்ரல் 6 அன்று ஜெர்மானிய விமானங்கள் பெல்கிரேட் மேல் குண்டு போட்டன. தேசிய நூலகம் தீப்பிடித்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களும் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரு வரலாற்றாசிரியர் ஆட்சியில் உட்கார்ந்த இரண்டாவது வாரத்தில் அவர் நாட்டின் ஏடுகள் எரிந்து போயின. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

அரசு கிரீஸ், மத்திய கிழக்கு வழியாக லண்டன் வந்து சேர்ந்தது. 1942 ஜனவரியில் அவர் பிரதமரானார். 1943 ஜூன் வரை இருந்தார்.

சரி, வரலாறு கைகொடுத்ததா? என் கருத்தில், இல்லை. ஆள நிலமே இல்லாத அரசு அது. நாட்டுக்குள் உஸ்தாஷாக்கள் என்ற குரோட்டியப் பாசிஸ்டுகள் செர்பியர்களைக் கொன்று குவிக்கும் செய்தி வந்துகொண்டிருந்தது. லண்டன் அமைச்சரவையில் செர்பியர்களும் குரோட்டியர்களும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. இவரோ 1937-ல் தொடங்கிய செர்பியப் பண்பாட்டுக் கழகத்தின் தலைவராக இருந்தவர். குரோட்டியர்கள் அவரை நடுநிலையாளராகப் பார்க்க வழியில்லை. மன்னர் பக்கம் நின்று மலைகளில் போராடிய படைத்தலைவர் மிஹைலோவிச்சைப் போர் அமைச்சராக்கியது இவர் அரசுதான். ஆனால் அவர்மேல் எந்தப் பிடியும் லண்டனில் இருந்தவர்களுக்கு இல்லை. எல்லாத் தரப்பையும் பொறுமையாக எடைபோடுவதுதான் அவருடைய பலம். புத்தகத்தில் அது அழகு. அமைச்சரவை இரண்டாகப் பிளந்து நிற்கும்போது யாராவது மேசையைத் தட்டி முடிவு சொல்ல வேண்டும், அது இவருக்கு வரவில்லை.

1946-ல் யூகோஸ்லாவியாவின் புதிய கம்யூனிஸ்ட் அரசு மிஹைலோவிச் வழக்கிலேயே இவரையும் சேர்த்து, ஆள் இல்லாமலே விசாரித்தது. இருபது வருடக் கடுங்காவல், சொத்துப் பறிமுதல், குடியுரிமையும் போயிற்று. மிஹைலோவிச்சைச் சுட்டுக் கொன்றார்கள். திரும்பிப் போக நாடில்லாமல் ஆனவர்தான் க்ராம்வெல் சாலை ஹோட்டலில் தங்கிவிட்ட அந்தக் கிழவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1958 டிசம்பரில் லண்டனிலேயே இறந்தார்.

அங்கேயும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். செர்பியர்களின் தேசிய குணம் பற்றிய அவர் கட்டுரை, இறந்த பிறகு 1964-ல் கனடாவில் வெளியானது. அதில் ‘அரைகுறை அறிவாளி’ என்று ஒருவனை விவரிக்கிறார். பட்டம் ஒழுங்காக வாங்கியிருப்பான், ஆனால் மனசாட்சியைப் படிப்பு தொட்டிருக்காது. அவனுக்குப் பட்டம் என்பது மேலே ஏறும் ஏணி மட்டும். நாலு பக்கத்தில் எனக்குத் தெரிந்த பல முகங்கள் வந்து போயின. தேர்ந்த ஆசிரியர் ஒருவர் தன் மாணவர் தலைமுறையையே உட்கார வைத்துப் பார்த்தது போலிருக்கும்.

2007-ல் பெல்கிரேட் நீதிமன்றம் அந்த 1946 தீர்ப்பை ரத்து செய்தது. இப்போது செர்பியாவின் 5000 தினார் நோட்டில் இருப்பது அவர் முகம். 2011 டிசம்பரில் அவருடைய எச்சங்களை லண்டனிலிருந்து எடுத்துப் போய் பெல்கிரேடின் புதிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் ஊரை விட்டுக் கிளம்பி எழுபது வருடம் ஆகியிருந்தது.